வீட்டிலேயே முதல் கயாக்: எந்தப் படகைக் கட்டுவது? கொங்குப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வழிகாட்டி

கயாக் (ஓரிருவர் உட்கார்ந்து துடுப்பு போடும் ஒல்லியான சின்னப் படகு) கட்டுவது பற்றித் தேடினால் கிடைப்பதெல்லாம் அமெரிக்காவிலோ ஸ்வீடனிலோ இருப்பவர்களுக்காக எழுதியவை. அவர்கள் சொல்லும் லேசான பிளைவுட் நம் கடைகளில் இருக்காது, அவர்கள் நிதானமாக அரை மணி நேரம் தடவும் ரெசின் (மரத்தை ஒட்டவும் பூசவும் பயன்படும், இறுகும் பசை) ஈரோட்டு வெயிலில் கிண்ணத்திலேயே புகைந்துவிடும், அவர்கள் இறக்கும் ஏரிக்கும் நம் அணைக்கும் சம்பந்தமே இல்லை. கட்டுகிற வேலையை விட, எதைக் கட்டுவது, எதில் கட்டுவது என்று முடிவெடுக்கவே நான் அதிகம் அலைந்தேன். கோவையில் ஒரு சாமான், திருப்பூரில் ஒரு சாமான், கரூரில் ஒன்று என்று கடை கடையாக ஏறி இறங்கினேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அவசரப்படுபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் படகு 12 அடி நீளம், 28 முதல் 30 அங்குல அகலம் இருக்கட்டும். 4 மி.மீ. மெரைன் பிளைவுட்டை (தண்ணீரில் பிரியாத பசை போட்ட ரகம்) செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளை எபாக்ஸியால் (இரண்டு திரவத்தைக் கலந்தால் இறுகும் ரெசின்) ஒட்டும் முறையில் கட்டுங்கள். ஏன் என்பதற்கான காரணங்களும், அது பொருந்தாத இடங்களும் கீழே இருக்கின்றன.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். பணம் மிச்சமாகும் என்று நினைத்துக் கட்டாதீர்கள். துடுப்பு போட்டால் போதும் என்பவருக்குக் காற்றடிக்கும் கயாக் கடையிலேயே கிடைக்கிறது. உங்கள் கையால் கட்ட வேண்டும் என்ற ஆசை இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

1. முதலில் தண்ணீரைத் தேர்ந்தெடுங்கள், படகு அப்புறம்

எல்லோரும் படத்தைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். 17 அடி நீளம், 22 அங்குல அகலம், அம்பு மாதிரி ஒரு கடல் கயாக். பார்க்க அழகுதான். ஆனால் அது அலையிலும் நெடுந்தூரத்திலும் போவதற்கு வரைந்தது. பழகாதவர் உட்கார்ந்தால் ஆடிக்கொண்டே இருக்கும். நமக்கு இங்கே கடல் இல்லை. இருப்பது அணை நீர்ப்பரப்பு, காவிரிக் கதவணைகளின் தேக்கம், குளங்கள், அவ்வளவுதான். பூலாம்பட்டிக்கும் நெரிஞ்சிப்பேட்டைக்கும் நடுவே தேங்கி நிற்கும் காவிரியைப் பார்த்திருந்தால் தெரியும், அகலமான, பெரும்பாலும் அமைதியான தண்ணீர். அதற்கு 12 அடிப் படகு தாராளம்.

சில இடங்களை இப்போதே கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்:

- வாய்க்கால்கள். கீழ்பவானியாக இருந்தாலும் காலிங்கராயனாக இருந்தாலும் வேண்டாம். ஓட்டம் சீராகத் தெரியும், ஆனால் மதகு, தாழ்ந்த பாலம், சரிவு எல்லாம் திடீரென்று வரும். கான்கிரீட் கரை இருக்கும் இடத்தில் பிடித்து ஏற வழியே இருக்காது.
- தடுப்பணைக்கும் கதவணைக்கும் அருகில். கொடிவேரி மாதிரி இடத்தில் தண்ணீர் விழும் அடிப்பக்கத்தில் நீர் திரும்பித் திரும்பிச் சுழலும். லைஃப் ஜாக்கெட் போட்டவரைக்கூட வெளியே விடாது. மேல் பக்கமும் சரி, கீழ்ப் பக்கமும் சரி, தள்ளியே இருங்கள்.
- மேட்டுப்பாளையம் பக்கத்துப் பவானி. பில்லூரில் மின் உற்பத்திக்காகத் தண்ணீர் திறந்தால் கொஞ்ச நேரத்தில் ஆறு ஏறிவிடும். முழங்கால் அளவு என்று நம்பி இறங்கிப் போன உயிர்கள் ஏராளம்.
- அமராவதி அணை. அங்கே முதலை உண்டு.
- பவானிசாகரின் காட்டோரப் பக்கம். யானைகள் தண்ணீர் குடிக்க வரும் கரை அது, வனத்துறையின் கட்டுப்பாடும் இருக்கிறது.

குளங்களில் வேறு இரண்டு தொல்லைகள். ஒன்று ஆகாயத்தாமரை, அது மூடிய குளத்தில் எந்தப் படகும் நகராது. இன்னொன்று மூழ்கிக் கிடக்கும் சீமைக் கருவேலம். வறண்ட காலத்தில் குளத்துக்குள் வளர்ந்த மரம், தண்ணீர் நிறைந்ததும் கண்ணுக்குத் தெரியாமல் கீழே நிற்கும். அந்த முள்ளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நாலாவது படியில் அதற்கு வேலை இருக்கிறது.

2. எங்கே கட்டுவீர்கள், எதில் ஏற்றுவீர்கள்

12 அடிப் படகைக் கட்ட 16 அடிக்கு 8 அடி இடமாவது வேண்டும், சுற்றி நடக்க வேண்டுமே. வாசல் பந்தல், தோட்டத்துச் சாளை, ஓடாமல் கிடக்கும் தறிக் கொட்டாய் எதுவானாலும் சரி. தறிக் கொட்டாயாக இருந்தால் பஞ்சுத் தூசியை ஒட்டடையோடு சேர்த்து நன்றாக அடித்துக் கழுவிவிடுங்கள். ஈர எபாக்ஸி மேல் பஞ்சு விழுந்தால் ஒவ்வொரு பூச்சையும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டியிருக்கும். மாடியில் கட்டுவதாக இருந்தால், கட்டிய படகு படிக்கட்டில் திரும்புமா என்று இப்போதே ஒரு 12 அடி மூங்கிலை வைத்துத் திருப்பிப் பாருங்கள்.

வண்டிதான் பலரும் யோசிக்காத விஷயம். நம் ஊரில் விற்கும் சின்ன கார்களெல்லாம் 4 மீட்டருக்குள் இருக்கும். 12 அடி என்பது 3.66 மீட்டர், உங்கள் கார் அதை விடக் குட்டையாக இல்லாவிட்டால் கூரை மேல் வைக்கும்போது முன்னும் பின்னும் வண்டியின் நீளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். 14 அடி என்பது 4.27 மீட்டர், கண்டிப்பாக நீட்டிக்கொண்டு நிற்கும். "அதெல்லாம் டாடா ஏஸில் போட்டுக்கொள்ளலாம்" என்பார்கள். ஏஸின் தொட்டி 7 அடி சொச்சம்தான், 12 அடிப் படகே கிட்டத்தட்ட 5 அடி வெளியே தொங்கும். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவின்படி, அனுமதித்த அளவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சரக்குக்கு அபராதம் 20,000 ரூபாய். சிவப்புத் துணி கட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். நான் 12 அடியோடு நிற்கச் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

3. உங்கள் எடையும் காலும்

ஒவ்வொரு வரைபடத்திலும் அந்தப் படகு எவ்வளவு எடை தாங்கும் என்று போட்டிருக்கும். உங்கள் எடை, சாப்பாடு, தண்ணீர், பை எல்லாம் கூட்டினால் அதில் முக்கால் பங்குக்குள் இருக்க வேண்டும். அப்புறம் ஒரு 4, 5 கிலோவைக் கூடவே கழித்துவிடுங்கள், ஏனென்றால் நம் ஊர் பிளைவுட் கனம் (ஆறாவது படி பாருங்கள்).

உள்ளே உட்காரும் படகா, மேலே உட்காரும் படகா என்ற கேள்விக்கு என் பதில், நம் வெயிலுக்கும் வெதுவெதுப்பான தண்ணீருக்கும் மேலே உட்காருவதோ, பெரிய திறப்பு வைத்ததோதான் நல்லது. இறுக்கமான திறப்பு குளிர்நாட்டுக்காரர்கள் தண்ணீர் உள்ளே வராமல் இருக்கக் கண்டுபிடித்தது. கவிழ்ந்தால் அதிலிருந்து வெளியே வருவதற்குப் பயிற்சி வேண்டும், நமக்குச் சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் ஆளில்லை. தொடை பெருத்தவர்களும் முழங்கால் வலிக்காரர்களும் திறப்பின் அளவைச் சாக்பீஸால் தரையில் வரைந்து உட்கார்ந்து, கையை ஊன்றி எழுந்து பாருங்கள்.

4. எந்த முறையில் கட்டுவது

மூன்று வழிகள்தான் நடைமுறைக்கு ஆகும்.

முதலாவது, தைத்து ஒட்டுவது. பிளைவுட்டைப் பட்டைகளாக அறுத்து, ஓரத்தில் சின்னத் துளை போட்டு, கம்பியால் முறுக்கித் தைத்தால் படகு உருவம் தானாக வரும். உள் மூலைகளில் எபாக்ஸிக் கூழை வழித்து, மேலே ஃபைபர் துணி (கண்ணாடி இழைத் துணி) ஒட்டினால் மூட்டு இறுகிவிடும். மர வேலை தெரியாதவரும் செய்யலாம். 80 முதல் 120 மணி நேரம் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை என்றால் மூன்று நான்கு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சட்டம் கட்டி மேலே துணி போர்த்துவது. யோசித்துப் பார்த்தால் பரிசலும் இதே வகைதான்: மூங்கில் பின்னல், மேலே ஒரு போர்வை. மேட்டூரிலும் பவானிசாகரிலும் மீன்பிடிப்பவர்கள் இன்றும் பரிசலில்தான் போகிறார்கள், மூங்கிலை எப்படிப் பிளந்து வளைப்பது என்று அவர்களை விட நன்றாக யாரும் சொல்ல முடியாது. இதில் செலவு குறைவு, எடையும் 15 கிலோ பக்கம் நின்றுவிடும். போர்த்தும் துணிக்கு நம் பக்கத்தில் பஞ்சமே இல்லை. ஈரோட்டிலோ கரூரிலோ கெட்டிக் கித்தான் வாங்கி ஆயில் பெயின்ட் அடிக்கலாம். அல்லது நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரித் தார்ப்பாய் தைக்கும் கடைகளில் பிவிசி பூசிய துணி வாங்கலாம். சில கடைகளில் சூடு காற்று வைத்து மூட்டை ஒட்டியும் தருவார்கள், ஊசித் துளை இருக்காது.

பிறகு ஏன் இதை முதலில் சொல்லவில்லை? அந்தக் கருவேல முள்தான். குளத்தில் ஓட்டுவதாக இருந்தால் துணிப் படகு கிழிந்துவிடும் என்று கவலைப்பட்டுக்கொண்டே துடுப்பு போட வேண்டும். காவிரிப் பாறையும் அப்படித்தான். ஆழமான அணை நீரில் மட்டும்தான் ஓட்டப் போகிறீர்கள், படகைத் தூக்க உதவிக்கு ஆளில்லை என்றால் துணிப் படகு உங்களுக்குச் சரியாக வரும்.

மூன்றாவது, மெல்லிய மரப்பட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டுவது. கண்ணாடி போலப் பளபளக்கும் படங்களெல்லாம் இந்த வகை. 200, 300 மணி நேர வேலை, லேசான மரம் நீளமாக, முடிச்சில்லாமல் வேண்டும். முதல் படகுக்கு வேண்டாம், இரண்டாவதாகக் கட்டிக்கொள்ளலாம்.

5. வரைபடம் வாங்குவது

இலவச வரைபடங்களும் உண்டு, விலைக்கும் உண்டு. முதல் படகுக்கு விலை கொடுத்து வாங்குங்கள். பணம் கொடுத்ததில் விளக்கக் கையேடு இருக்கும், சந்தேகம் கேட்டால் பதில் எழுதுவார்கள். அமெரிக்காவின் செசபீக் லைட் கிராஃப்ட் மாதிரி நிறுவனங்கள் பட்டைகளை அறுத்து, ரெசினோடு பெட்டியில் போட்டுத் தருகின்றன, ஆனால் அதைக் கடல் தாண்டி வரவழைத்தால் கப்பல் கூலியும் சுங்கவரியும் சேர்ந்து நீங்கள் நினைத்ததை விட எங்கேயோ போய் நிற்கும். வரைபடம் மட்டும் போதும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை: முழு அளவு வரைபடமா, அளவுப் பட்டியல் மட்டுமா? (முழு அளவுதான் வேண்டும்.) மீட்டரா, அடியா? எத்தனை பிளைவுட் என்று எழுதியிருக்கிறதா? உரிமம் ஒரு படகுக்கா? பெரும்பாலும் ஒரு படகுக்குத்தான், நண்பருக்கும் கட்டினால் இன்னொரு உரிமம் வாங்க வேண்டும். வெளிநாட்டுக்குப் பணம் கட்ட, கார்டில் சர்வதேசப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் நீங்களே திறந்துவிட வேண்டும். 2020-லிருந்து புதுக் கார்டுகளில் அது மூடித்தான் வருகிறது.

முழு அளவில் அச்செடுக்க ஒரு நல்ல வழி சொல்கிறேன். திருப்பூரில் ஆடைக்குப் பேட்டர்ன் அச்சடிக்கும் பிளாட்டர் கடைகள் இருக்கின்றன, ஆளுயர அகலக் காகிதத்தில் எத்தனை அடி வேண்டுமானாலும் ஓட்டித் தருவார்கள். துணி வெட்டுவதற்கென்றே துல்லியம் பார்க்கும் மெஷின் அது. ஃப்ளெக்ஸ் பேனரில் அடிக்காதீர்கள், அந்த ஷீட் இழுபடும். எங்கே அடித்தாலும் கடையை விட்டு வெளியே வரும் முன், வரைபடத்தில் இருக்கும் அளவுக் கோட்டை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் டேப் பிடித்துப் பாருங்கள். 1 மீட்டருக்கு 3 மி.மீ. தப்பினால்கூட முனையில் போய்ப் பட்டைகள் சேராது. கோவையில் சிஎன்சி ரூட்டர் (கணினி ஓட்டும் மரம் அறுக்கும் மெஷின்) வைத்திருக்கும் பட்டறையில் அறுக்கக் கொடுப்பதாக இருந்தால் வரைபடத்தோடு வெட்டுக் கோப்பும் சேர்த்து வாங்குங்கள்.

6. பிளைவுட்: ஏமாறும் இடம் இதுதான்

கடையில் போய் 4 மி.மீ. மெரைன் கேட்டால் முதலில் வரும் கேள்வி, "நாலு எம்எம்முங்களா? கப்போர்டு முதுகுக்குத்தானுங்க? அதுக்கு எதுக்குங்க மெரைன்?" என்பது. கடைக்காரர் தப்பில்லை, நம் ஊரில் மெரைன் என்றால் சமையலறைக்கு வாங்கும் 18 மி.மீ. தான். 4 மி.மீ. பெரும்பாலும் சொல்லி வைத்துத்தான் வரவழைக்க வேண்டும், ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். "4 இல்லீங்க, 6 எடுத்துக்குங்க" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 8க்கு 4 ஷீட் ஒன்று 4 மி.மீ.யில் சுமார் 8 கிலோ, 6 மி.மீ.யில் 12 கிலோவைத் தாண்டும். மூன்று ஷீட்டுக்கு அந்த வித்தியாசத்தைப் போட்டுப் பாருங்கள். கோடையில் அணையில் தண்ணீர் இறங்கி, கரையிலிருந்து சேற்றில் நடந்து போய்ப் படகை இறக்கும்போது ஒவ்வொரு கிலோவும் தெரியும்.

வேண்டியது ஐஎஸ் 710, அதுதான் மெரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண். சாதாரணப் பிளைவுட்டுக்கான ஐஎஸ் 303 வேண்டாம். அதில் தண்ணீர் தாங்கும் ரகம் என்று விற்பதும் சமையலறைக்குத்தான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பசையில்: 710 வகை 72 மணி நேரம் கொதிநீரில் பிரியாமல் நிற்க வேண்டும் என்பது விதி, 303-ல் தண்ணீர் தாங்கும் ரகத்துக்கே 8 மணி நேரம்தான். முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் (CM/L) என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் (BIS Care) செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய உரிமம், எதற்கு, இன்னும் செல்லுமா என்று தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே செய்துவிடலாம்.

முத்திரையை மட்டும் நம்பவும் கூடாது. எனக்கு ஒரு கடையில் கொடுத்த ஷீட்டில் 710 முத்திரை பளிச்சென்று இருந்தது. ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு அறுத்துக் காலையில் பானையில் போட்டுக் கொதிக்க வைத்தேன், சாயங்காலம் மூன்று தாளாக மிதந்தது. அதனால் முதலில் ஒரே ஒரு ஷீட் வாங்கி, துண்டு அறுத்து நாள் முழுக்கக் கொதிக்க வைத்து, காய வைத்து, திரும்பவும் கொதிக்க வைத்து, கத்தி முனையால் நெம்பிப் பார்த்த பிறகு மீதியை வாங்குங்கள். ரக எண், தடிமன், கம்பெனிப் பெயர் மூன்றும் எழுதிய ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். வெறும் "பிளைவுட் 3" என்று எழுதிய துண்டுச்சீட்டை வைத்துக்கொண்டு எதையும் திருப்பிக் கொடுக்க முடியாது. ஷீட்டின் ஓரத்தை வெளிச்சத்தில் பார்த்தால் நடுத்தாளில் இடைவெளி இருக்கிறதா என்று தெரியும், இருந்தால் வளைக்கும்போது அங்கேதான் முறியும்.

12 அடிக்கு இரண்டு ஷீட்டை நீளத்தில் இணைக்க வேண்டும். சரிவாகச் சீவி ஒட்டும் மூட்டு என்றால் தடிமனைப் போல் எட்டு மடங்கு, அதாவது 4 மி.மீ.க்கு 32 மி.மீ. சரிவு. இந்த ஒரு வேலையை மட்டும் இழைப்புளி நன்றாகப் பிடிக்கும் ஓர் ஆசாரியிடம் கொடுத்துவிடலாம், அரை நாள் கூலிதான்.

சட்டத்துக்கும் விளிம்புக்கும் மரம் வேண்டுமே, அதற்குத் தேக்கு தேட வேண்டாம். கோவையிலும் திருப்பூரிலும் இறக்குமதி மெஷின் வந்து இறங்கும் பைன் மரப் பெட்டிகளைப் பிரித்து விற்கிறார்கள். லேசாக, நேராக இருக்கும். எரியும் இரும்பால் குத்திய முத்திரையில் எச்டி (HT) என்று இருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்பி (MB) என்று இருந்தால் மீத்தைல் புரோமைடு நச்சுப்புகை போட்டது, அதை விட்டுவிடுங்கள்.

7. ரெசின்

பஸ் பாடி கட்டும் கரூரில் ஃபைபர் சாமான் எல்லாம் கிடைக்கும், ஆனால் அங்கே போய் "ஃபைபர் ரெசின்" என்று மொட்டையாகக் கேட்டால் பாலியெஸ்டர் ரெசினைத்தான் தருவார்கள். விலை குறைவு, ஆனால் மரத்தில் சரியாகப் பிடிக்காது. ஒன்றிரண்டு வருடத்தில் தோல் உரிந்த மாதிரி வரும். எபாக்ஸி என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். துணியும் அப்படித்தான்: நெய்த ஃபைபர் துணி, சதுர மீட்டருக்கு 200 கிராம் ரகம். இழைகள் துண்டுதுண்டாகக் கிடக்கும் மேட் வேண்டாம், அதைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசினில்தான் கரையும்.

எபாக்ஸியில் கலவை விகிதத்தைப் பாருங்கள். இன்ஜினீயரிங் கல்லூரி ஆய்வகங்களில் பழகியது 100 கிராம் ரெசினுக்கு 10 கிராம் ஹார்டனர் (ரெசினை இறுக வைக்கும் திரவம்). அதில் 1 கிராம் தப்பினாலே பத்தில் ஒரு பங்கு தப்பு, சின்னச் சின்ன அளவாகக் கலக்கும்போது ரொம்பப் படுத்தும். 2-க்கு 1 கலக்கும் ரகம் கிடைத்தால் விலை கொஞ்சம் கூடினாலும் அதையே எடுங்கள். வேகமாக இறுகும் ஹார்டனர், மெதுவாக இறுகும் ஹார்டனர் என்று இரண்டு உண்டு, நமக்கு மெதுவானது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் கையில் இருக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். 150 கிராமுக்கு மேல் ஒரே தடவை கலக்காதீர்கள். கலந்ததை ஆழமான டம்ளரில் வைக்காமல் அகலத் தட்டில் ஊற்றிவிடுங்கள்.

மூலைக்கு வழிக்கும் கூழுக்கு, சலித்த மரத்தூள் சேர்த்து கெட்டிச் சட்னிப் பதத்துக்கு வர வேண்டும், கரண்டியைக் கவிழ்த்தால் விழக் கூடாது.

நைட்ரைல் கையுறை இல்லாமல் எபாக்ஸியைத் தொடாதீர்கள். ஒரு தடவை தோல் ஒவ்வாமை வந்துவிட்டால் அப்புறம் வாழ்நாள் முழுக்க அந்த வாசனைக்கே அரிக்கும். கையில் பட்டதைத் தின்னரால் கழுவினால் அது இன்னும் உள்ளே இறங்கும். துடைத்துவிட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உப்புத்தாள் தேய்க்கும்போது முகமூடி கட்டாயம். அருகில் குழந்தைகள் வேண்டாம்.

8. செலவுக் கணக்கு

விலை கடைக்குக் கடை மாறும், அதனால் அளவைப் பிடித்துக்கொள்ளுங்கள். 12 அடிப் படகுக்கு: பிளைவுட் 3 ஷீட், எபாக்ஸி 6 முதல் 8 கிலோ, ஃபைபர் துணி 8 முதல் 10 மீட்டர், செம்புக் கம்பி அரைக் கிலோவுக்குள். கம்பிக்குத் தனிக் கடை தேட வேண்டாம், மோட்டார் வைண்டிங் கடையில் 1 மி.மீ. கம்பி எடைக்குக் கிடைக்கும், நம் ஊரில் தெருவுக்கு ஒன்று இருக்கிறதே. இதற்கு மேல் வார்னிஷ் அல்லது பெயின்ட், கையுறை, பிரஷ், உப்புத்தாள். எபாக்ஸி வெயிலில் கெட்டுவிடும், அதனால் வெயில் தாங்கும் பூச்சு இல்லாமல் படகை வெளியே வைக்கக் கூடாது.

எல்லாம் சேர்த்து 25,000 முதல் 40,000 ரூபாய்க்குள் முடிக்கலாம். துணிப் படகு இதில் ஏறக்குறைய பாதி. செலவில் பெரும்பங்கு எபாக்ஸிதான். துடுப்பையும் லைஃப் ஜாக்கெட்டையும் இந்தக் கணக்கில் சேர்க்காமல் தனியாக எடுத்து வையுங்கள். படகு முடியும் நேரத்தில் கையில் பணம் இருக்காது, "ஜாக்கெட் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்" என்று மனசு சொல்லும். முதலில் வாங்க வேண்டியதே அதுதான். மிதவை 50 நியூட்டனாவது இருக்க வேண்டும், உங்கள் எடை ரகத்துக்கு ஏற்றதா என்று உள்பக்கச் சீட்டில் பாருங்கள். துடுப்பு, 30 அங்குல அகலப் படகுக்கு 230 செ.மீ. பக்கம்.

9. எந்த மாதத்தில் தொடங்குவது

கார்த்திகை, மார்கழியில் வரைபடமும் பிளைவுட்டும் வாங்கி அறுத்து வைத்துவிடுங்கள். ஒட்டும் வேலை பொங்கல் கழிந்து, மாசி முடிவதற்குள். ஐப்பசி மழையில் ஒட்டினால் ஈரக்காற்றில் எபாக்ஸி மேல் பிசுபிசுப்பாக ஒரு படலம் வரும், அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவாமல் அடுத்த பூச்சு பிடிக்காது. சித்திரை வெயிலில் ரெசின் தடவுவதற்குள் இறுகிவிடும். ஆடிக் காற்று வந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து அடிக்கும் அடியில் பெயின்ட் மேல் புழுதி ஒட்டாமல் எதுவும் செய்ய முடியாது, பொள்ளாச்சி, உடுமலைக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வெறும் மரத்தின் மேல் முதல் பூச்சு எப்போதும் சாயங்காலம் போடுங்கள். காலையில் போட்டால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழ் குமிழாக வெளியே வரும். சாயங்காலம் சூடு இறங்கும்போது மரம் ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

10. அனுமதி

படகு கட்ட யாரிடமும் அனுமதி வேண்டாம், இறக்கத்தான் வேண்டும். அணை என்றால் நீர்வளத் துறை, காட்டோரம் என்றால் வனத்துறையும் சேர்ந்து, கோவை நகரக் குளங்கள் என்றால் மாநகராட்சி. மீன் குத்தகை விட்ட தண்ணீராக இருந்தால் குத்தகைதாரரிடமும் பேசிவிடுங்கள். வலை எங்கே கட்டியிருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். எஞ்சின் மாட்டினால் கதையே வேறு, உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் 2021-ன் கீழ் ஆய்வும் பதிவும் வந்துவிடும். முதல் படகில் மோட்டார் பேச்சே வேண்டாம்.

கடிதத்தில் உங்கள் பெயர், முகவரி, ஆதார் நகல், படகின் நீளம், எடை, முன்பக்கம் பின்பக்கம் படம், இறக்கும் இடம், தேதி, நேரம், கூட வருபவர் பெயர், லைஃப் ஜாக்கெட் இருக்கிறது என்ற உறுதி எல்லாம் இருக்கட்டும். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் தேதி போட்ட முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாக "போங்க, பார்த்துக்கலாம்" என்பதை நம்பி இறக்கினால், அன்று பணியில் இருப்பவர் வேறு ஆளாக இருப்பார். இதைப் படகு பாதி முடியும்போதே ஆரம்பித்துவிடுங்கள். சில இடங்களில் கடைசி வரை அனுமதி கிடைக்காமலும் போகலாம், அதனால் கையில் இரண்டு இடமாவது வைத்திருங்கள்.

11. முதல் இறக்கம்

தோட்டத்துப் பண்ணைக் குட்டை கைக்குள் இருக்கிறது என்று அதில் இறக்க ஆசை வரும். அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரித்த குட்டையாக இருந்தால் வேண்டாம். அந்தச் சரிவு வழுக்கும், நீச்சல் தெரிந்தவரும் ஏற முடியாமல் போயிருக்கிறார்கள். கிணறும் வேண்டாம். இடுப்பளவு ஆழம், மணல் அடி, காற்றில்லாத காலை ஆறு மணி, கரையில் கயிற்றோடு ஓர் ஆள் என்று இடத்தையும் நேரத்தையும் பிடியுங்கள். ஒன்பது மணிக்கு மேல் அணை நீரில் காற்று ஏறத் தொடங்கும், லேசான படகைக் கரையை விட்டுத் தள்ளிக்கொண்டு போய்விடலாம்.

முன்னும் பின்னும் அடைத்த அறைகள் இல்லாத படகென்றால், இறக்கும் முன் மூடி இறுக்கிய காலி கேன்களையோ தெர்மக்கோலையோ உள்ளே கட்டிவிடுங்கள். எபாக்ஸி தெர்மக்கோலைக் கரைக்காது, பாலியெஸ்டர் ரெசின் கரைத்துவிடும். பிறகு வேண்டுமென்றே கவிழ்த்துப் பாருங்கள். தண்ணீர் நிறைந்த பிறகும் படகு மிதக்கிறதா, நீங்கள் திரும்ப ஏற முடிகிறதா, எத்தனை நிமிடத்தில் தண்ணீரை இறைக்க முடிகிறது என்று பார்த்துவிட்டு, கரையேற்றி ஒரு மணி நேரம் நிழலில் கவிழ்த்து வையுங்கள். உள் மூட்டில் எங்காவது ஈரக் கோடு தெரிந்தால் அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, இரண்டு நாள் காய விட்டு, தேய்த்து, அங்கே மட்டும் இன்னொரு பட்டை ஃபைபர் துணி ஒட்டினால் போதும்.